கிங் கிரிம்சனில் வேலை பார்ப்பது

இது ஒரு ஆபீஸ் படம். கிதார் இருக்கிறது, மூன்று செட் டிரம்ஸ் இருக்கிறது, உலகம் சுற்றுகிறார்கள், எல்லாம் சரி. ஆனால் கணக்குப் பிரிவில் காலம் தள்ளுகிற எனக்கு, ஒரு கெடுபிடியான மேலாளரின் கீழ் வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, அளந்து அளந்து பேசுகிற படமாகத்தான் தெரிந்தது. சிலர் வேலையை விட்டு ஐம்பது வருடம் ஆகிவிட்டது. இன்னும் அளந்துதான் பேசுகிறார்கள்.

கிங் கிரிம்சன் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றி டோபி ஏமிஸ் இயக்கிய 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்: கிங் கிரிம்சன் அட் 50' என்ற ஆவணப்படத்தைச் சொல்கிறேன். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் முதலில் திரையிட்டார்கள். தலைப்பில் ஐம்பது என்று இருந்தாலும் பிறந்தநாள் கேக் வெட்டுகிற படம் இல்லை. எந்த வருடம் எந்த ஆல்பம், யார் வந்தார், யார் போனார் என்று வரிசையாகச் சொல்லும் பொறுமை இயக்குநருக்குக் கிடையாது. என் அண்ணனுக்கு இதில்தான் கோபம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ப்ரோக்ரசிவ் ராக் என்று, நீளமான, சிக்கலான பாடல்களைக் கட்டும் ஒரு வகை உருவானதற்கு லண்டனில் 1969 ஜனவரியில் ஒரு அடித்தள அறையில் ஒத்திகையைத் தொடங்கிய இந்தக் குழு ஒரு முக்கியக் காரணம். அதே வருடம் ஜூலையில் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில் இவர்களும் வாசித்தார்கள். கூட்டம் லட்சக்கணக்கில். அக்டோபரில் முதல் ஆல்பம். உறையில் அலறுகிற அந்தச் சிவப்பு முகத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதை வரைந்த பேரி காட்பர் அடுத்த பிப்ரவரியிலேயே இருபத்து நான்கு வயதில் இறந்துபோனார். டிசம்பரில், அமெரிக்கப் பயணம் முடிவதற்குள், குழுவின் பாதி உடைந்துவிட்டது. ஒத்திகை தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு 2021 வரைக்கும் கிரிம்சனில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து போயிருக்கிறார்கள். கடைசிவரை இருந்தவர் கிதார் வாசிக்கும் ராபர்ட் ஃப்ரிப் ஒருவர்தான். நான்கு ஆல்பங்கள் போட்டுவிட்டு 1972-ல் எல்லாரும் கலைந்தார்கள். யெஸ் குழு உச்சத்தில் இருந்த நேரத்தில் பில் ப்ரூஃபோர்ட் அதை உதறிவிட்டு இங்கே டிரம்ஸ் வாசிக்க வந்தார். தாளவாத்தியக்காரர் ஜேமி ம்யூர் சில மாதங்களில் எல்லாவற்றையும் விட்டு ஸ்காட்லாந்தில் இருந்த ஒரு பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். 1974-ல் 'ரெட்' ஆல்பம் வெளிவரும் முன்பே ஃப்ரிப் குழுவைக் கலைத்தார். 1981-ல் வேறு ஆட்களோடு திரும்ப ஆரம்பித்தார், 1984-ல் நிறுத்தினார், தொண்ணூறுகளில் மறுபடியும். எங்கள் ஆபீஸில் இப்படி ஆள் மாறினால் ஆடிட்டர் கேள்வி கேட்பார்.

ஃப்ரிப்பே கூப்பிட்டுத்தான் ஏமிஸ் இந்தப் படத்தை எடுத்தார். கூப்பிட்டவருக்குக் கேமராவைக் கண்டால் ஆகவில்லை என்பது படத்தின் நகைச்சுவை. சுற்றுப்பயணத்தில் இருந்தாலும் அவர் தினமும் மணிக்கணக்காகச் சாதகம் செய்கிறார். எழுபதைத் தாண்டிய வயதில், உலகம் முழுக்க மேதை என்று சொல்லும் ஒருவர், ஹோட்டல் அறையில் உட்கார்ந்து விரல் பயிற்சி வாசித்துக்கொண்டிருக்கிறார். இயக்குநர் அந்த நேரத்தில் எதையாவது கேட்டு வைக்கிறார். ஃப்ரிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! நான் சின்ன வயதில் சில வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டவள். பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் வாத்தியார் பார்ப்பாரே, அச்சு அசல் அதே பார்வை.

இன்னொரு இடத்தில் அவர் பேசிக்கொண்டே வந்து நின்றுவிடுகிறார். கண் கலங்குகிறது. பேச்சு வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கே வெட்டி, பழைய கச்சேரிக் காட்சி ஒன்றை ஒட்டி, சோகமாகக் கொஞ்சம் இசை போட்டிருப்பார்கள். ஏமிஸ் வெட்டவில்லை. நாமும் அவரோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்குச் சங்கடமாக இருந்தது, எழுந்து போகலாமா என்றுகூடத் தோன்றியது. அந்தச் சங்கடம் தேவையானது என்று இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் பட்டது. இவ்வளவு நேரம் அடுத்தவரைச் சங்கடப்படுத்தியவராகவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? ட்ரே கன் தொண்ணூறுகளில் சேர்ந்து சுமார் பத்து வருடம் இருந்தவர். கிரிம்சனில் இருப்பது லேசாக உடம்புக்கு நோவு வந்த மாதிரி என்கிறார். படுக்கையில் விழுகிற அளவுக்கு இல்லை, ஆனால் உடம்பு சரியாகவும் இல்லை. இதை அவர் திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை, மருத்துவரிடம் விவரம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்கிறார். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் என் பழைய ஆபீஸ் ஒன்று நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றது.

ஏட்ரியன் பெலூ 1981-ல் சேர்ந்து, குழு விட்டு விட்டு இயங்கினாலும் 2008 வரை ஒவ்வொரு முறையும் பாடியவர் அவர்தான். 2013-ல் ஃப்ரிப் புதுக் குழு சேர்த்தபோது அவரைக் கூப்பிடவில்லை. இந்த விஷயத்தில் படம் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம். இருபத்தேழு வருடம் முகமாக இருந்தவரைப் புது அணியில் சேர்க்காததற்கு ஃப்ரிப்பிடம் நியாயமான காரணம் இருக்கலாம். அதைக் கேட்கிற வேலை யாருடையது? கேமரா வைத்திருப்பவருடையதுதானே?

ஆனால் இயன் மெக்டொனால்ட் வருகிற இடத்துக்காக ஏமிஸை எதற்கும் மன்னிக்கலாம்.

1969-ல் குழுவைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். சாக்ஸபோன், புல்லாங்குழல், மெல்லோட்ரான் என்ற கீபோர்டு, எல்லாம் அவர் கை. முதல் ஆல்பத்தின் மெட்டுகளில் பெரும்பங்கு அவருடையது. அந்த டிசம்பரில் விலகுகிறோம் என்று அவரும் டிரம்மர் மைக்கேல் கைல்ஸும் சொன்னபோது, நீங்கள் இருங்கள், நான் போகிறேன் என்று ஃப்ரிப் சொன்னாராம். குழு இருக்க வேண்டும், தான் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று. அவர்கள் கேட்கவில்லை. இருபத்து மூன்று வயதில் ஃப்ரிப் கையில் ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது.

படத்தில் கிழவராக மெக்டொனால்ட் உட்கார்ந்திருக்கிறார். அழுகிறார். ராபர்ட்டிடம் மன்னிப்புக் கேட்கிறார், கேமரா வழியாக, உன் நெஞ்சை உடைத்துவிட்டேன் என்று. நடந்து அரை நூற்றாண்டு. 2022 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில் அவர் இறந்தார். அடுத்த மாதம் படம் திரைக்கு வந்தது. ஆக அந்தக் காட்சியைப் பார்வையாளர்கள் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டவர் உயிரோடு இல்லை. இதை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

இனி அண்ணன் கதை. எனக்குக் கிரிம்சனை அறிமுகப்படுத்தியதே அவர்தான், ஹாஸ்டலில் இருந்து கொண்டு வந்த கேசட்டில். அவருக்கு 1973, 1974 காலத்துக் குழுதான் கிரிம்சன். ஜான் வெட்டனின் பேஸ் கிதார், ப்ரூஃபோர்டின் டிரம்ஸ், அவ்வளவுதான், மற்றதெல்லாம் அவர் கணக்கில் வராது. படம் பார்த்ததும் எனக்குப் போன் செய்தார்.

"ஏம் பாப்பா, இது என்ன படம்? வெட்டனைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?"

"அவர் 2017-லயே போயிட்டாருண்ணா. அதுக்கு முந்தின மாசம் முதல் பாடகர் கிரெக் லேக்கும் போயிட்டார். யாரை உட்கார வெச்சுக் கேப்பாங்க?"

"பழைய ஃபுட்டேஜ் போடலாமில்ல?"

போட்டிருக்கலாம். ஆனால் அந்த வரலாறு வேண்டுமென்றால் படிக்க எத்தனையோ இருக்கிறது, கேட்கப் பெட்டி பெட்டியாகக் கச்சேரிப் பதிவுகள் வந்திருக்கின்றன. அந்த அறையில் இருப்பது எப்படி இருக்கும் என்பதுதான் எங்கும் கிடைக்காதது. படம் அதைத் தருகிறது. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றை என்னால் தள்ள முடியவில்லை. அதற்கு முன் கடைசிக் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2013-ல் அறிவித்து 2014-ல் மேடையேறிய குழுவில் மூன்று டிரம்மர்கள். மேடையின் முன்வரிசையில் அந்த மூன்று பேர், பின்னால் உயரமான மேடையில் மற்றவர்கள். எந்த ராக் குழுவிலும் டிரம்மர் பின்னால்தான் இருப்பார், முன்னால் பாடகர் ஆடுவார். இங்கே பாடகர் ஜாக்கோ யாக்ஸிக் பின்னால் நின்று பாடுகிறார். இவர் கதையே தனி. பதின்மூன்று வயது வாக்கில் 1971-ல் வாட்ஃபோர்டில் கிரிம்சன் கச்சேரி பார்த்து மயங்கிய சிறுவன். பிறகு பழைய கிரிம்சன்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களுடைய பாடல்களை வாசிக்க ஒரு குழு தொடங்கினார். மைக்கேல் கைல்ஸின் மகளையே கல்யாணம் செய்துகொண்டார். கடைசியில் கிரிம்சனுக்கே பாடகர் ஆனார். 1972-ல் பிரிந்த சாக்ஸபோன்காரர் மெல் காலின்ஸ் நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தார். பேஸ் வாசிக்கும் டோனி லெவின் 1981-லேயே சேர்ந்தவர். கச்சேரியில் யாரும் படம் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். எல்லாம் முடிந்து லெவின் தன் கேமராவை எடுத்துக் கூட்டத்தை நோக்கித் திருப்பினால், இப்போது நீங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

மூன்று டிரம்மர் என்றால் இரைச்சலாக இருக்கும் என்று நினைப்பீர்கள். ஒருவர் தட்டும் இடத்தில் இன்னொருவர் தட்டுவதில்லை, வரியை மூன்றாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மிருதங்கம் படித்த பழக்கத்தில் எனக்கு இவர்களைக் கேட்டால் விரல் தானாக எண்ணத் தொடங்கும். எண்பதுகளில் ஃப்ரிப்பும் பெலூவும் சேர்ந்து வாசித்ததில் ஒரு உத்தி உண்டு. இருவரும் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். ஒரு கட்டத்தில் ஒருவர் மட்டும் சுற்றுக்கு ஒரு சுரம் குறைப்பார். கூட நடப்பவரின் எட்டு கொஞ்சம் குட்டையானால் எப்படி மெல்ல மெல்லப் பிந்திப் போவாரோ, அப்படி இரண்டு கிதாரும் விலகிக்கொண்டே போகும். அப்புறம் ஒரு இடத்தில் சேர்ந்துகொள்ளும். எங்கே சேரும் என்று கணக்குப் போட்டுக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு இதில் ருசி இல்லாமல் இருக்குமா! வீட்டுக்காரருக்கு இந்தச் சுகம் புரியவில்லை. "முடிஞ்சதும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

படத்தில் ஃப்ரிப் ஒன்று சொல்கிறார். தான் அங்கே இருப்பதையே உள்ளுக்குள் வெறுக்கும் ஒரு ஆளாவது இல்லாத முதல் கிரிம்சன் இந்தக் கடைசிக் குழுதானாம். அதாவது 1969-ல் இருந்து நாற்பத்து நான்கு வருடம், ஒவ்வொரு நாளும், அறையில் யாரோ ஒருவர் தன்னைச் சகிக்காமல் இருக்கிறார் என்ற நினைப்போடு அவர் வேலைக்குப் போயிருக்கிறார். அவர் ஒரு ஆள் என்ற அளவில் எனக்கு இது கஷ்டமாக இருந்தது. கூட வாசித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அதற்குப் பக்கத்திலேயே வருகிற கேள்வி.

அண்ணன் சொன்னது இதுதான்: "சண்டை போட்டப்ப அஞ்சு வருஷத்துல ஏழு ஆல்பம். சந்தோஷமா இருந்தப்ப எத்தனை?"

ஒன்றுகூட இல்லை. 1969 முதல் 2003 வரை கிரிம்சன் 13 ஸ்டூடியோ ஆல்பங்கள் போட்டது, அதில் ஏழு 1974-க்குள். 2014 முதல் 2021 வரை வாசித்த இந்த நிம்மதியான குழு ஸ்டூடியோ ஆல்பம் ஒன்றும் போடவில்லை. வந்ததெல்லாம் கச்சேரிப் பதிவுகள். சில புதிய பாடல்கள் மேடையில் பிறந்தன. மற்றபடி பழைய பாடல்களைத்தான் எடுத்து, பிரித்து, மூன்று டிரம்மருக்காக மாற்றிக் கட்டினார்கள்.

வலித்தால்தான் நல்ல பாட்டு வரும் என்ற வாதம் எனக்குப் பிடிக்காது. ஆட்களை மோசமாக நடத்தும் மேலாளர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள், நான் கேட்டிருக்கிறேன். ஆனால் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அண்ணன் பேசும்போது வாயடைத்துப் போனேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் பதில் கிடைத்தது. முதல் ஆல்பத்தில் வாசித்த ஃப்ரிப்புக்கு இருபத்து மூன்று வயது, கடைசிக் குழுவில் எழுபது. இருபதுகளில் ஒருவர் செய்ததையும் எழுபதில் செய்ததையும் பக்கத்தில் வைத்துவிட்டு, நடுவில் வெறுப்பு ஒன்றுதான் மாறியது என்று சொல்வது கணக்கில் சேராது. அதோடு, பழைய பாடல்களை முதல்முறையாக யாரும் முறைத்துக்கொள்ளாமல் வாசிப்பது ஒரு புது வேலை இல்லையா? கடைசிக் குழுவின் பதிவில் 'ஸ்டார்லெஸ்' கேளுங்கள். 1974-ல் வந்த பாட்டு. நடுவில் பதின்மூன்று எண்ணிக்கையில் சுழல்கிற பகுதியில் ஃப்ரிப் ஒரே சுரத்தை இரண்டு தந்திகளில் மாற்றி மாற்றி மீட்டுகிறார், நிமிடக்கணக்காக. மெல்லத்தான் மேலே ஏறுவார். கீழே மூன்று டிரம்மர்களும் அவசரப்படுவதே இல்லை. பழைய பதிவில் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கும். இதில் துரத்தல் கிடையாது, ஆனாலும் மயிர்க்கூச்செறிகிறது. 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் கடைசிக் கச்சேரியை இந்தப் பாட்டோடுதான் முடித்தார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். "பழைய ரெகார்டுதான் பெஸ்ட்" என்றார். சரி, அவர் அண்ணன்.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் இருக்கிறேன். உண்மையில் அவருக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பில் ரீஃப்லின். மினிஸ்ட்ரி, ஆர்.இ.எம். போன்ற குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். முன்வரிசையின் முதல் மூன்று டிரம்மர்களில் ஒருவர். 2016-ல் ஓய்வுக்குப் போனார், அந்த இடத்துக்கு ஜெரமி ஸ்டேசி வந்தார். 2017-ல் ரீஃப்லின் திரும்பியபோது ஸ்டேசியை யாரும் எழுப்பவில்லை. இவர் பின்வரிசையில் கீபோர்டுக்கு முன் உட்கார்ந்தார். குழு எட்டுப் பேரானது. ஆள் திரும்பி வந்தால் இடம் போட்டுத் தருகிற கிரிம்சன்! எழுபதுகளில் இப்படி நடந்திருக்குமா?

ரீஃப்லினுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், முற்றியது, 2012-லிருந்தே. மூன்று டிரம்மர் வரிசையில் வந்து சேர்ந்தபோதே அவருக்கு அது தெரியும். படத்தில் அதைப் பற்றி அவர் பேசுவது, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில். இருக்கிற நாள் கொஞ்சம்தான், அதை இங்கே இந்த மேடையில் செலவழிக்கிறேன் என்கிறார். தியாகி மாதிரியும் பேசவில்லை, தத்துவமும் பேசவில்லை. சுற்றி இருக்கும் ஆரோக்கியமானவர்கள் பதற்றத்தோடும் மனக்கசப்போடும் பேச, இவர் மட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டு இருக்கிறார். ராபர்ட் என்ன நினைப்பாரோ என்ற கணக்கு அவர் முகத்தில் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லாதவர் ஒரு ஆபீஸில் எப்படி இருப்பார் என்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் மனைவி ஃபிரான்செஸ்கா சன்ஸ்டென் ஓவியர். கிரிம்சனின் பிற்கால வெளியீடுகளின் உறைகளில் அவர் படங்கள் உண்டு. 2019 ஆகஸ்டில் அவர் முதலில் போனார், 2020 மார்ச் 24-ல் ரீஃப்லின். வயது ஐம்பத்து ஒன்பது.

படத்தில் ஃப்ரிப்புக்குத்தான் நிமிடங்கள் அதிகம், அது நியாயம்தான். ஆனால் எடிட்டிங் என் கையில் இருந்தால் ரசிகையாக வரும் அந்தக் கன்னியாஸ்திரியை அப்படியே வைத்துக்கொண்டு (அவர் கிரிம்சன் கேட்பதைப் பற்றிப் பேசுவது தனி அழகு), ஃப்ரிப் இயக்குநரைக் கடிந்துகொள்ளும் காட்சிகளில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் ரீஃப்லினுக்கே கொடுத்திருப்பேன். அவர் கீபோர்டில் என்ன வாசித்தார் என்பதுகூடக் கச்சேரிப் பதிவுகளில் கூர்ந்து கேட்டால்தான் பிடிபடும். எட்டுப் பேர் வாசிக்கும்போது பெரும்பாலும் அடியில் நீளமாக ஒரு ஒலியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், ஸ்பீக்கரில் டிரம்ஸ் அதை விழுங்கிவிடும்.